ரெண்டு கேமரா, அப்பா, அஞ்சு நாள்: மதுரைலேர்ந்து தனுஷ்கோடி வரைக்கும்

நாள் 1, மதுரை

காலைல அஞ்சரை மணிக்கு நானும் அப்பாவும் மதுரை ஜங்ஷன்ல இறங்கினோம். அம்மா போய் மூணு வருஷம் ஆகுது, ராமேஸ்வரத்துல ஒரு தடவ திதி குடுத்துட்டு வரணும்னு அப்பா ரொம்ப நாளா சொல்லிட்டே இருந்தார், இந்த ஜனவரிலதான் ரெண்டு பேருக்கும் தோது வந்துச்சு. நேரா போயிட்டு வராம மதுரை, காரைக்குடி வழியா மெதுவா போலாம்னு பிளான்.

பைல ரெண்டு கேமரா இருக்கு. ஒண்ணு என்னோடது, ரிக்கோ ஜிஆர் 3, நாலு வருஷமா சட்டப் பாக்கெட்லயே கிடக்குது. இன்னொண்ணு அக்கா வீட்டுக்காரர் மாமாவோட ஃபியூஜி எக்ஸ்100வி. ரிக்கோவ வித்துட்டு செகண்ட் ஹேண்ட்ல எக்ஸ்100வி வாங்கலாமான்னு ஆறு மாசமா மண்டைக்குள்ள ஓடிட்டு இருந்துச்சு, மாமாகிட்ட சொன்னப்போ "வாங்கறதுக்கு முன்னாடி அஞ்சு நாள் வெச்சுப் பாருடா மாப்ள"ன்னு தூக்கி கையில குடுத்துட்டார். ஒவ்வொரு நாள் ராத்திரியும் ரூம்ல உக்காந்து அன்னன்னிக்கு பட்டத எழுதிடலாம்னு இருக்கேன்.

தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை. ரெண்டுமே லென்ஸ் கழட்டி மாட்ட முடியாத சின்ன கேமரா, ஆனா உள்ள இருக்கற சென்சார், அதாவது ஃபிலிமுக்கு பதிலா வெளிச்சத்தப் பிடிக்கற சில்லு, பெரிய கேமராவுல வர்ற ஏபிஎஸ்-சிங்கற சைஸ், கிட்டத்தட்ட 23.5க்கு 15.6 மில்லிமீட்டர். ஒரு இன்ச் சென்சார்னு வர்ற காம்பேக்ட்டுகளவிட பரப்பளவுல மூணு மடங்கு. ரிக்கோ 2019ல வந்தது, 24 மெகாபிக்சல், லென்ஸ் ஃபுல் ஃப்ரேம் (பழைய ஃபிலிம் ரோல் சைஸ்) கணக்குல 28 எம்எம், எஃப் 2.8. ஃபியூஜி 2020ல வந்தது, 26 மெகாபிக்சல், 35 எம்எம் கணக்கு, எஃப் 2. எம்எம் கம்மியானா காட்சி அகலமாத் தெரியும், எஃப் நம்பர் கம்மியானா லென்ஸோட வாய் (அப்பர்ச்சர்) பெருசாத் திறந்து வெளிச்சம் அதிகம் வரும். ரிக்கோ பேட்டரியோட சேத்து 257 கிராம், ஃபியூஜி 478. பேப்பர்ல படிக்கறப்போ இந்த 221 கிராம் ஒரு விஷயமாவே தெரியல.

இன்னிக்குக் காலைல மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்லதான் தெரிஞ்சுது. பனிக்காலம், மல்லி வரத்து கம்மி, வெலை ஏறிக் கிடக்கு, ஆனாலும் கூட்டத்துக்குக் குறைவில்ல, தலைமேல மூட்டையோட "ஓரம் ஓரம்"னு கத்திக்கிட்டே இடிச்சுட்டுப் போறாங்க, கீழ வாழ நாரும் தண்ணியும் சேறும். ஃபியூஜி கழுத்துல தொங்கிச்சு. அத ரெண்டு கையால தூக்கிக் கண்ணுல வெச்ச உடனே எதிர்ல இருந்த பூக்காரர் வேலைய நிறுத்திட்டு நிமிர்ந்து நின்னு போஸ் குடுத்தார், பக்கத்துக் கடைக்காரரும் வந்து சேந்துகிட்டார். ரெண்டு பேரும் ரொம்ப அன்பா நின்னாங்க, படமும் நல்லா வந்துச்சு, ஆனா நான் எடுக்க நெனச்சது அவர் கை மல்லிய அள்ளி தராசுல போடற அந்த வேகத்த.

அப்புறம் ரிக்கோவ எடுத்தேன். இதுல ஸ்னாப் ஃபோகஸ்னு ஒண்ணு இருக்கு, அதுக்காகவே இந்த கேமராவ வெச்சிருக்கவங்க பல பேர். தூரத்த முன்னாடியே 2 மீட்டர்னு செட் பண்ணி வெச்சுடலாம், பட்டனை ஒரே அமுக்கா அமுக்கினா ஃபோகஸ் தேடாம உடனே எடுத்துடும். எஃப் 8 வெச்சா கிட்டத்தட்ட ஒரு மீட்டர்லேர்ந்து தெருக்கோடி வரைக்கும் தெளிவா இருக்கும். ஒத்தக் கையில இடுப்புகிட்ட வெச்சு எடுத்தேன், யாரும் திரும்பிக்கூடப் பாக்கல.

அதுல ஒரு படம். அப்பா ஒரு மல்லிக் குவியல் முன்னாடி நின்னு கைநெறைய அள்ளி மூக்குகிட்ட கொண்டுபோறார். அம்மா இருந்தவரைக்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸ்லேர்ந்து வரும்போது ரெண்டு முழம் வாங்காம வந்ததே இல்ல. படத்துல அவர் கண்ணு மூடியிருக்கு, விரலிடுக்குல ரெண்டு மொட்டு நழுவுது. அத நான் கண்ணுல வெச்சுப் பாத்து எடுத்திருந்தா அப்பா கைய கீழ போட்டிருப்பார், அது எனக்கு நிச்சயமாத் தெரியும்.

சாயங்காலம் திருமலை நாயக்கர் மகால். 28க்கும் 35க்கும் உள்ள வித்தியாசம் அந்தத் தூண்கள் நடுவுல நின்னாத்தான் புரியும். ரிக்கோவ வெச்சு 2 மீட்டர்ல நின்னு எடுக்கறதுக்கு ஃபியூஜில ரெண்டரை மீட்டர் தூரத்துக்குப் பின்னால போகணும், தூண் பெருசாக ஆக இந்தக் கணக்கும் பெருசாகும், ஒரு கட்டத்துல முதுகு சுவத்துல முட்டிடும். மீனாட்சி கோயிலுக்கு உள்ள கேமரா, போன் ரெண்டுக்கும் அனுமதி இல்ல, அதனால ரெண்டையும் ரூம்ல வெச்சுட்டுப் போய் கும்பிட்டு வந்தோம். நல்லதுதான், கண்ணால மட்டும் பாத்தோம்.

நாள் 2, காரைக்குடி, ஆத்தங்குடி

மதுரைலேர்ந்து காரைக்குடிக்கு பஸ்ல ரெண்டு மணி நேரம். ஜன்னல் சீட்ல அப்பா தூங்கிட்டு வந்தார்.

தெரிஞ்சவங்க மூலமா ஒரு பழைய செட்டிநாட்டு வீட்ட உள்ள போய்ப் பாக்க அனுமதி கிடைச்சுது. திண்ணை, முகப்பு தாண்டி வளவுக்குள்ள காலு வெச்ச உடனே ஒரு குளிர்ச்சி, பர்மா தேக்குத் தூண், நடு முத்தத்துல மட்டும் வெயில் பளிச்சுன்னு விழுது, சுத்தியும் இருக்கற பத்தியில நல்ல இருட்டு. கேமராவுக்கு இதவிடக் கஷ்டமான பரீட்சை கிடையாது. வெளிச்சத்துக்கு செட் பண்ணா இருட்டு கருப்பாயிடும், இருட்டுக்கு செட் பண்ணா முத்தம் வெளுத்துப்போயிடும். ரெண்டு கேமராவுலயும் ரா ஃபைல் (கேமரா மெருகேத்தாம அப்படியே குடுக்கற படம்) எடுத்து லேப்டாப்ல போட்டுப் பாத்தேன், முத்தத்துக்கு செட் பண்ணி எடுத்துட்டு அப்புறமா நிழல மேல தூக்கினா தேக்கோட வரி வரைக்கும் வருது, ரெண்டுலயும் வருது. இதுல எது ஒசத்தின்னு கேட்டா என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியல. போன்லயும் இதே மாதிரி வருமேன்னு கேப்பாங்க. அது பல படத்த ஒட்டிக் குடுக்கறது, பாத்த உடனே அழகா இருக்கும், ஆனா நிழல் நிழலா இருக்காது, அந்த வீட்டோட இருட்டு அதுல காணாமப் போயிடும்.

வித்தியாசம் வேற எடத்துல வந்துச்சு. ரெண்டாங்கட்டுக்குப் போற நடைல வெளிச்சமே இல்ல. ரிக்கோவுல கை நடுக்கத்த சமாளிக்க சென்சாரே அசையற வசதி உள்ள இருக்கு, எஃப் 2.8ல 1/8 செகண்ட், ஐஎஸ்ஓ (வெளிச்சத்த கேமரா எவ்ளோ பெருக்கிக் காட்டுதுங்கற அளவு) 1600, மூச்சப் பிடிச்சு எடுத்தேன், கதவுல இருக்கற லட்சுமி செதுக்கு வேலை அவ்ளோ துல்லியம். எக்ஸ்100வில அந்த வசதி கிடையாது, அதுக்கப்புறம் 2024ல வந்த எக்ஸ்100 சிக்ஸ்லதான் குடுத்தாங்க. அதனால ஃபியூஜில 1/30க்குக் கீழ போக எனக்கு தைரியம் வரல, எஃப் 2ங்கறதால ஒரு ஸ்டாப், அதாவது ரெண்டு மடங்கு வெளிச்சம் லாபம், மிச்சத்துக்கு ஐஎஸ்ஓவ 3200க்கு ஏத்தினேன். கதவுன்னா ரிக்கோதான். ஆனா அதே நடைல வீட்டு ஆச்சி செம்பைக் கையில எடுத்துட்டு வந்தாங்க, அப்போ 1/8 செகண்ட் எதுக்கு உதவும், கேமரா ஆடாம இருந்தாலும் ஆச்சி நடந்துகிட்டுதானே இருப்பாங்க. மனுசங்க வந்துட்டா எஃப் 2தான். "எடுத்துக்கங்க தம்பி, மொகத்த மட்டும் விட்டுருங்க"ன்னாங்க ஆச்சி. செம்பும் கையும் வளையலும் மட்டும் எடுத்தேன், ஃபியூஜில.

மத்தியானம் ஆத்தங்குடி. டைல் போடறத நின்னு பாத்தா நகர மனசே வராது. ஒரு கண்ணாடித் துண்டு, அதுமேல இரும்புச் சட்டம், சட்டத்துக்குள்ள பூ டிசைன் வார்ப்பு. சின்னக் கரண்டியால செவப்பு, பச்சை, மஞ்சள்னு ஒவ்வொரு கட்டத்துலயும் கலர் சிமெண்ட்ட ஊத்தறாங்க. வார்ப்ப நேரா மேல தூக்கிடறாங்க, கலர் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி நிக்குது, கலங்கல. மேல காஞ்ச மணலும் சிமெண்ட்டும் தூவி, அதுக்குமேல சாந்து போட்டு அழுத்தி, காயவெச்சு, தண்ணித் தொட்டியில ஊறப்போட்டு, அப்புறம் கண்ணாடிய உரிச்சா அந்த வழவழப்பு. பாலிஷ் எதுவும் கிடையாது, கண்ணாடியோட வழவழப்பே டைலுக்கு வந்துடுது.

இங்க ரெண்டு கேமராவும் கிட்டப் போய் எடுக்கும். ஃபியூஜி 10 சென்டிமீட்டர் வரைக்கும், ரிக்கோ மேக்ரோவுல லென்ஸ்லேர்ந்து 6 சென்டிமீட்டர் வரைக்கும். கரண்டி நுனியிலேர்ந்து பச்சை விழற அந்த ஒரு சொட்ட ரிக்கோவுல பிடிச்சேன், மாஸ்டரோட கட்டை விரல் நகத்துல நாலு கலர் படிஞ்சிருக்கு. கலருக்கு மட்டும் ஃபியூஜிக்கு என் ஓட்டு. அதுல இருக்கற கிளாசிக் குரோம்ங்கற கலர் செட்டிங் போட்டா செவப்பு கத்தாம அடங்கி, பழைய வீட்டுத் தரையில நாப்பது வருஷம் நடந்த மாதிரி வருது. ரிக்கோவோட பாசிட்டிவ் ஃபிலிம்ங்கற செட்டிங் கொஞ்சம் துடிப்பு, புது டைலுக்குப் பொருந்தும். ரிக்கோ பேட்டரிதான் சீக்கிரம் தீர்ந்துடும், கம்பெனிக் கணக்கே 200 படம்தான், நான் மூணு பேட்டரி வெச்சிருக்கேன். ஃபியூஜி 350 தாண்டும், மாமா ரெண்டு குடுத்திருக்கார்.

ராத்திரி அப்பா லேப்டாப் பக்கத்துல வந்து உக்காந்து நேத்து எடுத்த படத்த எல்லாம் பாத்தார். பூ மார்க்கெட் படம் வந்தப்போ ஒண்ணும் பேசல. கொஞ்ச நேரம் கழிச்சு "இத எப்ப எடுத்த"ன்னு மட்டும் கேட்டார்.

நாள் 3, ராமேஸ்வரம்

இன்னிக்கு கேமரா பத்தி எழுத அதிகம் இல்ல.

விடியறதுக்கு முன்னாடியே அக்னி தீர்த்தம் போயிட்டோம். ரெண்டு கேமராவும் ரூம்ல. கடல்ல முழுக்குப் போட்டு, கரையில உக்காந்து, எள்ளும் தண்ணியும் விட்டோம். அம்மா பேர சொல்லுங்கன்னு சாஸ்திரிகள் கேட்டப்போ அப்பாவுக்குக் குரல் வரல, நான் சொன்னேன். அப்புறம் ஈரத்துணியோட 22 தீர்த்தம், ஒவ்வொரு கிணத்துலயும் வாளித் தண்ணி தலையில விழும்போது ஒவ்வொரு குளிர். கடைசியா தரிசனம். அந்த மூணாம் பிராகாரத்துல நடந்தப்போ, ரெண்டு பக்கமும் தூணு போய்ட்டே இருக்கு, முடியற எடம் கண்ணுக்குத் தெரியல. உள்ள கேமராவுக்கு அனுமதி கிடையாது. இருந்திருந்தாலும் இன்னிக்கு எடுத்திருக்க மாட்டேன்.

ஒண்ணே ஒண்ணு சொல்லணும். சாயங்காலம் திரும்ப கரைக்கு வந்தப்போ ரிக்கோ பாக்கெட்ல இருந்துச்சு. ஒரு வயசான அம்மா தனியா உக்காந்து தர்ப்பணம் மாதிரி ஏதோ தன் பாட்டுக்குப் பண்ணிட்டு இருந்தாங்க, கை பாக்கெட்டுக்குப் போயிடுச்சு, எடுத்திருந்தா அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்ல. காலைல நாங்க உக்காந்திருந்ததும் அதே எடம்தான். கைய வெளிய எடுத்துட்டேன். யாருக்கும் தெரியாம எடுக்கறதுதான் இந்த கேமராவோட பலம்னு முதல் நாள் எழுதினேன், அது இன்னிக்கும் உண்மைதான், ஆனா பெரிய கேமராவ கண்ணுல வெக்கும்போது எதிர்ல இருக்கறவங்க முடியாதுன்னு கைய ஆட்டலாம். ரிக்கோவுக்கு முன்னாடி அவங்களுக்கு அந்த வாய்ப்பே இல்ல, அவங்களுக்காகவும் சேத்து நாமதான் யோசிக்கணும்.

நாள் 4, தனுஷ்கோடி

காத்துன்னா அப்படி ஒரு காத்து. ஆட்டோ அரிச்சல்முனை ரோட்டுல போகும்போதே மணல் ரோட்ட குறுக்க கடந்து பாம்பு மாதிரி ஓடுது. இடது பக்கம் வங்காள விரிகுடா, அலையே இல்லாம, வலது பக்கம் மன்னார் வளைகுடா, ஆக்ரோஷம். பெண் கடல், ஆண் கடல்னு ஆட்டோக்காரர் சொன்னார்.

ரிக்கோவ இன்னிக்கு நான் வெளிய எடுக்கவே இல்ல. அதுல தூசிக்கும் தண்ணிக்கும் எந்த சீலும் கிடையாது, ஆன் பண்ணா லென்ஸ் வெளிய நீளும், ஆஃப் பண்ணா உள்ள போகும், இந்த மணல்ல அதப் பண்ணக் கூடாது. ஜிப் கவருக்குள்ள போட்டு பைக்குள்ள வெச்சுட்டேன். ஃபியூஜில லென்ஸ் வெளிய வந்து போற வேலை இல்ல, முன்னாடி ஒரு அடாப்டர் வளையமும் அதுமேல 49 எம்எம் ஃபில்டரும் மாட்டிட்டா மழை, தூசி தாங்கற மாதிரி பண்ணியிருக்காங்க. அந்த ரெண்டும் மாட்டலன்னா அந்தப் பாதுகாப்பு கணக்குல வராது, இத நெறைய பேர் கவனிக்கறதில்ல. மாமா முன்னாடியே மாட்டித்தான் குடுத்திருந்தார்.

1964 டிசம்பர் 22 ராத்திரி வந்த புயல்ல இந்த ஊரு போச்சு, பாம்பன்லேர்ந்து வந்த பாசஞ்சர் ரயிலும் உள்ள இருந்த ஜனங்களோட போச்சு. சர்ச்சோட சுவர் மட்டும் நிக்குது, பவளக் கல்லுல கட்டினது, கிட்டப் போய்ப் பாத்தா கல்லுல சின்னச் சின்ன ஓட்டை, பஞ்சு மாதிரி. "எனக்கு அப்ப எட்டு வயசு, எங்கப்பா ரேடியோ முன்னாடி உக்காந்திருந்தது ஞாபகம் இருக்கு"ன்னார் அப்பா.

பதினோரு மணி வெயில், சுவருக்கு முன்னாடி அப்பாவ நிக்க வெச்சேன். முகத்துல பாதி கறுப்பு நிழல், கண்ணு குழிக்குள்ள ஒண்ணுமே தெரியல. ஃபியூஜில சின்னதா ஒரு ஃபிளாஷ் உள்ளயே இருக்கு, ரிக்கோவுல கிடையாது. லென்ஸுக்குள்ள இருக்கற லீஃப் ஷட்டர்ங்கறதால வேகமான ஷட்டர்லயும் ஃபிளாஷ் ஒழுங்கா வேலை செய்யும், எஃப் 5.6, 1/1000, ஐஎஸ்ஓ 160. பின்னாடி வானம் நல்ல நீலமா இருக்கு, அப்பா முகமும் தெளிவா இருக்கு. ஆனா விறைப்பா நிக்கறார், ரெண்டு கையும் தொடைய ஒட்டி, கல்யாண ஆல்பத்துல நிக்கற மாதிரியே. பூ மார்க்கெட்ல கண்ண மூடி நின்ன மனுசன் இவர்தானான்னு இருக்கு.

அப்பறம்தான் அது நடந்துச்சு. "இங்க குடு, உன்ன ஒண்ணு எடுக்கறேன்"ன்னார்.

அப்பாவுக்கு போன்ல போட்டோ எடுக்கப் பிடிக்காது. வெயில்ல ஸ்கிரீன் தெரியாது, கண்ணாடிய நெத்திக்கு ஏத்தணும், விரல் பட்டு வேற எதுவோ திறந்துக்கும். நாங்க சின்னப் பிள்ளைங்களா இருந்தப்போ அவர்கிட்ட ஒரு ஆக்ஃபா கிளிக் 3 இருந்துச்சு, ரோலுக்கு 12 படம், எங்க அக்காவோட முதல் பிறந்தநாள்லேர்ந்து அம்மாவோட எல்லா நல்ல படமும் அதுல அவர் எடுத்ததுதான். அது கெட்டுப்போனதுக்கு அப்புறம் அவர் கேமராவே தொடல.

ஃபியூஜிய அவர் கண்ணுகிட்ட கொண்டுபோனார். அதுல முன்னாடி ஒரு சின்ன லீவர் இருக்கு, தள்ளினா டிவி மாதிரி தெரியறது போயி வெறும் கண்ணாடி வழியா நேராத் தெரியும், அதுக்குமேல வெள்ளைக் கோட்டால ஒரு சட்டம் மிதக்கும், சட்டத்துக்குள்ள இருக்கறது படத்துல வரும், வெளிய இருக்கறதும் கண்ணுக்குத் தெரியும். பக்கத்துல இருக்கற சின்ன சக்கரத்த திருப்பி அவர் பவருக்கு சரி பண்ணிக் குடுத்தேன். அப்பா கொஞ்ச நேரம் எடுக்கவே இல்ல, வெறுமனே பாத்துட்டே இருந்தார், கடல் பக்கம் திரும்பினார், சர்ச் பக்கம் திரும்பினார்.

"நேராத் தெரியுதுடா"ன்னார்.

அப்புறம் என்ன "ரெண்டு அடி பின்னால போ, வலது பக்கம், போதும்"னு நிக்க வெச்சார். இடது கைய லென்ஸுக்குக் கீழ தாங்கி, முழங்கைய நெஞ்சோட ஒட்டி, மூச்ச நிறுத்தி, ஒரே ஒரு தடவ. லீஃப் ஷட்டர்ல சத்தமே வராது, எடுத்துச்சா இல்லையான்னு சந்தேகமா என்னப் பாத்தார். எடுத்திருந்துச்சு. முப்பது வருஷம் கழிச்சு அப்பா எடுத்த என் படம்.

அதுக்கப்புறம் கேமரா எங்கிட்ட திரும்பி வரல. தூரத்துல பூநாரைங்க வரிசையா நின்னுச்சு, 35 எம்எம்ல அது வெள்ளைப் புள்ளிதான், ரெண்டு கேமராவுலயும் ஜூம் கிடையாது, பறவைக்கெல்லாம் இது வேலைக்கு ஆகாதுன்னு நான் சொன்னேன். பரவாயில்லன்னு அப்பா எடுத்தார்.

நாள் 5, திரும்பற ரயில்

காலைல சும்மா ஊர்ல சுத்தினோம். அப்பா டீக்கடைல ஃபியூஜிய மடியில வெச்சுகிட்டு அப்பர்ச்சர் வளையத்த திருப்பித் திருப்பி "இது 5.6, இது 8"ன்னு தனக்குத்தானே சொல்லிகிட்டிருந்தார். அந்த கேமராவுல எல்லாமே கைக்கு அகப்படற மாதிரி வெளிய இருக்கு, மேல ஷட்டர் வேகம், அதத் தூக்கித் திருப்பினா ஐஎஸ்ஓ, லென்ஸச் சுத்தி அப்பர்ச்சர். ஆஃப்ல இருக்கும்போதே என்ன செட்டிங்னு பாத்துடலாம். மெனுவுக்குள்ள போக வேண்டியது ரொம்பக் கம்மி. ரிக்கோ ஒத்தக் கைக்குப் பழக்கினது, பெருவிரல்லயே எல்லாத்தையும் மாத்தலாம், ஆனா அந்தப் பழக்கம் எனக்கு வரவே ரெண்டு மாசம் ஆச்சு. ஸ்கிரீன பாத்துதான் எடுக்கணும், கண்ணு வெச்சுப் பாக்க எதுவும் கிடையாது. அப்பாவுக்கு அது சரிப்படாது.

நான் வாங்கலாம்னு நெனச்சதுக்கு பதில் கிடைச்சுடுச்சு. ரிக்கோவ விக்கப் போறதில்ல. படத்தோட தரத்துல ரெண்டுக்கும் நடுவுல வியாபாரம் பண்ற அளவுக்கு எந்த வித்தியாசமும் இந்த அஞ்சு நாள்ல நான் பாக்கல, பூ மார்க்கெட்ல அப்பா கையில மல்லி இருந்தப்போ என் கையில எது இருந்துச்சோ அதுதான் எனக்கான கேமரா. எக்ஸ்100வி இப்போ செகண்ட் ஹேண்ட்ல கேக்கற வெலை நியாயமே இல்ல, 2022லேர்ந்து வீடியோக்கள்ல பிரபலமாகி வெலை ஏறினது. அதுக்கு முந்தின எக்ஸ்100எஃப், 2017ல வந்தது, அதுலயும் இதே கண்ணாடி வியூஃபைண்டர், இதே மாதிரி வளையம் எல்லாம் இருக்கு, ஸ்கிரீன் மட்டும் மடங்காது, மழைக்கு சீல் இல்ல. நல்ல கண்டிஷன்ல ஒண்ணு தேடணும். எனக்கு இல்ல, அப்பாவுக்கு. மாமாகிட்ட போன்ல சொன்னேன், அவருக்குத் தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட இருக்காம், விசாரிக்கறேன்னார்.

இத சாயங்கால ரயில்ல உக்காந்து எழுதிட்டு இருக்கேன். பாம்பன் புதுப் பாலத்துமேல ரயில் மெதுவா போகுது, 2025 ஏப்ரல்ல திறந்தது, நடுவுல கப்பல் போக மேல தூக்கற துண்டு மட்டும் 72.5 மீட்டர். பக்கத்துலயே 1914ல கட்டின பழைய பாலம் நிக்குது. வெளிச்சம் போய்ட்டே இருக்கு, தண்ணி ஈயக் கலர்ல கிடக்கு. அப்பா ஜன்னலோரம், கம்பிக்கு நடுவுல லென்ஸ வெச்சுகிட்டு, கண்ண எடுக்காம. கீழ ஒரு படகு பழைய பாலத்துத் தூணப் பாத்து வந்துட்டு இருக்கு. "அப்பா, எடுங்க, போயிடும்"னேன்.

"இன்னும் கோட்டுக்குள்ள வரல, இரு."

மூணே படம் எடுத்தார். ஒண்ணுல கம்பி பாதி மறைக்குது, ஒண்ணு ஆடிப்போச்சு. மூணாவதுல படகு ரெண்டு தூணுக்கு நடுவுல இருக்கு, ஓட்டறவர் நிமிர்ந்து ரயிலப் பாக்கறார்.